துரை மெதுவாகப் பேசினால் ஓடு

“இங்கிலீஷ் படிச்சிருக்கே, சரிம்மா. ஆனா வெள்ளைக்காரன் சொல்றது ஒண்ணு, நெனைக்கறது ஒண்ணு. உங்க வூட்ல யாருமே பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லேங்கறே. அதெல்லாம் நீ எங்க புடிக்கப் போறே?”

தொண்ணூற்று ஒன்றில் என்னை வேலைக்கு எடுத்த அன்று நம் மேனேஜர் சொன்னது இது. எடுத்துக்கொண்டேதான் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. மெட்ராஸிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, ஒரகடம் தாண்டி இறங்கி, கருவேலங்காட்டு ஓரமாக நடந்து வர அன்றைக்கு எந்த ஆங்கிலப் பட்டதாரிக்கும் மனம் வரவில்லை. எனக்கு வாலாஜாபாத். ஒரே பஸ்.

நாளை முதல் இந்த மேஜைக்கு வரப்போகிற உங்கள் இருவருக்கும் டைப் அடிக்கத் தெரியும், சுருக்கெழுத்து தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். அதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. வெளிநாட்டு ஆளுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நிற்கும்போது எதைக் காதில் வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் கம்பெனி அப்போது லாரிகளுக்குத் தகட்டுச் சாமான் செய்து கொடுக்கும் சின்ன இடம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு பட்டறையில் ஓடி முடித்த, தகட்டை அழுத்தி வளைக்கிற பெரிய பிரஸ் ஒன்றை முதலாளி வாங்கியிருந்தார். அது கப்பலில் வந்தது. அதை இங்கே நிறுவிக் கொடுக்க ஓர் ஆளும் விமானத்தில் வந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டியதும், நம்மவர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதும் என் வேலை. “மெஷின் ஏறி உக்கார்ற வரைக்கும் இரு. நல்லபடியா உக்காந்துச்சுன்னா வேலை பர்மனென்ட். நடுவுல கோளாறு ஆச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான். அப்பா பாலாற்று மணலுக்கு வண்டி ஓட்டியவர். நான் காஞ்சிபுரத்தில் பி.ஏ. முடித்தபோது தெருவே கூடி, “படிச்சு இன்னாத்தக் கிழிக்கப் போவுது?” என்று அன்போடு விசாரித்தது. அந்தக் கேள்விக்கு நான் வேலையில் நின்று காட்டும் பதிலைப் பொறுத்துத்தான் என் தங்கை பத்தாவதுக்கு மேல் போவதா, சித்தாள் வேலைக்குப் போவதா என்பது தீர்மானமாகும். அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வில்சன் வந்து இறங்கினார். அறுபதை நெருங்கும் வயது. இரண்டே நாள் வெயிலில் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்ட கழுத்து. அவர் பேசிய ஆங்கிலம் ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. ஆபத்தே அதில்தான் இருந்தது.

அந்த மனிதர் எதையும் வெறுமனே சொல்ல மாட்டார். வளையல் பெட்டியில் வைக்கோல் திணிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் ஏதாவது திணித்துத்தான் கீழே இறக்குவார். “இருக்கலாம்”, “ஒருவேளை”, “நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்”, “உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்”. நானும் நேர்மையாக, ஒரு வைக்கோல் விடாமல் தமிழில் எடுத்து வைப்பேன். அவர் வாயில் ‘ஒருவேளை’ என்பது ‘பெர்ஹாப்ஸ்’; முதல் வாரத்திலேயே ஷாப்பில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: பராப்ஸ் தொரை.

முதல் அடி கேன்டீனில் விழுந்தது. நம் கேன்டீன் அக்கா அன்று கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்திருந்தார். வில்சன் ஒரு வாய் வைத்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, “மிகவும் சுவாரசியமாக இருக்கிறது” என்றார். நான் அப்படியே சொன்னேன். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியாடி, சீமையிலேந்து வந்தவனுக்குக் கீது நாக்கு! உங்களுக்குத்தான் இல்ல” என்று எங்களையெல்லாம் திட்டிவிட்டு, மறுநாள் முதல் துரைக்கென்று தனியாகக் களி கிண்ட ஆரம்பித்தார். உருண்டை நாளுக்கு நாள் பெருத்தது. கடைசியில் ஒருநாள் வில்சன் என்னை ஓரமாக அழைத்தார். “எனக்கே எல்லாம் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்குக் குறைந்துவிடுமோ என்று ஒரு சின்னக் கவலை” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓடிப் போய் அக்காவிடம், “தொரைக்கு இனிமே தயிர் சாதம் போதுமாம்க்கா” என்றேன். அக்கா இன்றைக்கும் அதை நம்பவில்லை. நான்தான் நடுவில் புகுந்து கெடுத்தேன் என்கிறார்.

சிரிக்கலாம். களி யாரையும் கொல்லாது. அடுத்தது அப்படிப்பட்டதல்ல.

அருள்தாஸை உங்களுக்குத் தெரியும். இப்போது ஃபிட்டர்களுக்கெல்லாம் தலைவராக நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறாரே, அவரேதான். அப்போது கல்யாணமான புதிது. மாமியார் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எண்ணெய் படாமல் வேலை செய்ய முயன்றுகொண்டிருந்த காலம். என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார், கிண்டலுக்கு. ஒருநாள் கம்ப்ரசரை நிறுத்தாமலே, ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வில்சன் நின்றார். மிக மென்மையான குரலில், “உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்படிச் செய்ய மாட்டேன்” என்றார்.

நான் சாவகாசமாக மொழிபெயர்த்தேன். “அருளு, அவரா இருந்தா அப்பிடிச் செய்யமாட்டாராம்.”

“அவரு ஏன் டீச்சர் செய்யப் போறாரு? அவரு வாங்கற சம்பளம் எனக்கு வந்தா நானும்தான் செய்யமாட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் வில்சனின் கை அருள்தாஸின் காலரில் இருந்தது. ஒரே இழுப்பு. சட்டைப் பட்டன் தெறித்துக் கம்ப்ரசர் தொட்டியில் ‘டிங்’ என்று விழுந்தது. துணி பெல்ட்டோடு சுற்றி உள்ளே போய்விட்டது. துணி மட்டும்.

வில்சன் காலரைச் சரிசெய்துவிட்டு, “மன்னிக்க வேண்டும், நல்ல சட்டை” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அருள்தாஸ் மூன்று விரலால் நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து யாராவது அஜாக்கிரதையாக நின்றால் அவர்தான் முதலில் கத்துவார்: “டேய், பட்டன்!” அது ஷாப் முழுக்கப் பரவியது.

அன்று மாலையே வில்சன் தன் ஸ்பேனர் ஒன்றைத் தொலைத்துவிட்டார். அப்போது பார்க்க வேண்டுமே! முகம் சிவந்து, கைகளை வீசி, ஷெட் அதிர ஒரு கத்தல். வைக்கோல் ஒன்றுகூட இல்லை.

“டீச்சர், இன்னா சொல்றாரு?”

“ஸ்பேனரைக் காணோமாம்.”

“இம்மாம் நேரமா சொன்னாரே?”

“மீதியெல்லாம் ஸ்பேனரோட சொந்தக்காரங்களப் பத்தி.”

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொலைந்த ஸ்பேனருக்குக் கத்துகிற மனிதர், போகவிருந்த கைக்குக் கத்தவில்லை. விஷயம் பெரிதாகப் பெரிதாக அவர் குரல் இறங்குகிறது. வாக்கியம் நீள்கிறது. வைக்கோல் கூடுகிறது. பயப்பட வேண்டியது அவர் கத்தும்போது அல்ல, பணிவாகப் பேச ஆரம்பிக்கும்போது.

இதற்காக யாரும் சீமைக்குப் போய்ப் படித்து வர வேண்டாம். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என்ன சொல்வார்கள்? பஜ்ஜி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்” என்பார்கள். அந்த லெட்டரை இதுவரை எந்தத் தபால்காரராவது கொண்டுவந்ததுண்டா? பிடித்திருந்தால் அங்கேயே சத்தமாகச் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள், எத்தனை சவரன் என்று. என் அம்மாவுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் கர்ணம் வீட்டுக்காரர் “பார்க்கலாம்” என்றால் அது எந்தப் பார்க்கலாம் என்று அவர் துண்டை எந்தத் தோளில் போடுகிறார் என்பதை வைத்தே சொல்லிவிடுவாள். படிக்காத வீடு என்று மேனேஜர் சொன்னாரே, அவருக்கு ஒன்று தெரியவில்லை. படிக்காத வீட்டில் எல்லாரும் எந்நேரமும் எதையாவது படித்துக்கொண்டேதான் இருப்பார்கள். காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

வில்சனும் நம்மைப் படிக்கத் திணறிக்கொண்டிருந்தார். அஸ்திவாரக் குழியைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் மண் நிரப்பி, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். “வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?” என்று அவர் கேட்டார். கான்ட்ராக்டர், “ஆயிடும் சார்” என்றார். வில்சன் நிம்மதியாகச் சிரித்தார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. “சார், எங்களுக்கு இதில் பல வகை உண்டு. ‘ஆச்சு’ என்றால் நாளைக்கு ஆரம்பிப்பார்கள். ‘ஆயிடும்’ என்றால் நீங்கள் பக்கத்தில் நின்றால் ஆகும். ‘ஆயிடும் சார், நீங்க கவலையே படாதீங்க’ என்றால் உடனே கவலைப்பட ஆரம்பிக்க வேண்டும்” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “உங்கள் ஆட்கள் மிகவும் நம்பிக்கை உள்ளவர்கள்” என்றார். அது பாராட்டு இல்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின இரண்டு நாளும் மழை.

மெட்ராஸிலிருந்து முதலாளி வந்துவிட்டார். பிரஸ்ஸுக்கு மாலை போட்டு, சந்தனம் தடவி, எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராகு காலத்துக்கு முன்னால் இயந்திரம் தன் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், அதன்பின் கற்பூரம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அதைத் தேய்த்தே விட்டார்.

தூக்குவதற்கு ராயபுரத்திலிருந்து காசிம் பாயும் அவருடைய கலாசி ஆட்களும் வந்திருந்தார்கள். துறைமுகத்தில் இதைவிடப் பெரியதையெல்லாம் தூக்கியவர்கள். மூன்று இரும்புக் கால்களை மேலே சேர்த்துக் கட்டிய முக்காலி, அதன் உச்சியில் கனம் தூக்கும் சங்கிலிக் கப்பி, செயின் பிளாக். அஸ்திவாரத்தின்மேல் ரயில்வே கட்டைகளை அடுக்கி, அதன்மேல் பிரஸ் உட்கார்ந்திருந்தது. அதை ஒரு ஜாண் தூக்க வேண்டும், கட்டைகளை உருவ வேண்டும், பிறகு மெதுவாக அஸ்திவார போல்ட்டுகளில் இறக்க வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான்.

பாய் துவா செய்துவிட்டுக் கையைத் தூக்கினார். சங்கிலி கடகடவென்று ஓடியது. மாலையும் சந்தனமுமாகப் பிரஸ் கட்டையை விட்டு எழுந்தது. கட்டைகளை உருவிவிட்டார்கள். ஓட்டைகளும் போல்ட்டுகளும் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க அருள்தாஸ் அதன் அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பக்கத்தில் வில்சன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“கஸ்தூரி, நான் நினைப்பது முற்றிலும் தவறாக இருக்கலாம். அந்த மூன்றாவது கால் அங்கே முழுச் சந்தோஷத்தோடுதான் நிற்கிறதா என்று எனக்கு ஒரு சின்ன யோசனை. ஒருவேளை, யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லையென்றால், அதைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துப் பார்ப்பது நல்லதாகவும் இருக்கக்கூடும்.”

அத்தனை வைக்கோலை ஒரே மூச்சில் நான் அவரிடம் கேட்டதே இல்லை.

மேனேஜரிடம் திரும்பி அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “கால் சந்தோஷமா கீதான்னு கேக்கறாரா? இரும்புக் கால்மா அது! இறக்கி முடிச்சதும் அதுக்கு டீ வாங்கிக் குடுக்கறோம்னு சொல்லு. இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலம்.”

மூன்றாவது காலைப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அது புதிதாக மண் நிரப்பிய பக்கத்தில், ஒரு பலகையின்மேல் நின்றது. மற்ற இரண்டு கால்களையும் போலத்தான் நின்றது. வில்சனுக்கே நிச்சயமில்லை, ‘இருக்கலாம்’ என்றுதானே சொல்கிறார்? முதலாளி முன்னால், சாமி காரியத்தில், நல்ல நேரத்தைக் கெடுத்தவள் என்று பெயர் வந்தால் வேலை போகும். தங்கையின் படிப்பும் அதோடு போகும். நான் என் கடமையைச் செய்துவிட்டேன். சொன்னதைச் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை குறையவில்லை.

ஆனால் வார்த்தை மட்டும்தான் போய்ச் சேர்ந்திருந்தது. அதன் கனம் இன்னும் என் கையிலேயே இருந்தது. அருள்தாஸின் முழங்கால்கள் இரண்டும் பிரஸ்ஸுக்கு வெளியே தெரிந்தன.

“அருளு! பட்டன்!”

என் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அருள்தாஸ் ஏன் என்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை. எலி வளையிலிருந்து வருவதுபோல் உருண்டு வெளியே வந்து, தன் சட்டையைத்தான் முதலில் பார்த்துக்கொண்டார்.

மேனேஜர், “ஏய், இன்னாம்மா இது?” என்றார். முதலாளி கற்பூரத் தட்டோடு திரும்பினார். நான் இருவரையும் விட்டுவிட்டு நேராகக் காசிம் பாயிடம் போனேன்.

“பாய், தொரை எறக்கச் சொல்றாரு. அந்தக் கால் சரியில்லையாம்.”

பாயின் தாடி நிமிர்ந்தது. “தூக்கினத திருப்பித் தரையில வெக்கறதா? எங்க வாப்பா காலத்துலேந்து அந்தப் பழக்கம் கெடையாதும்மா. காத்துல ஏறின மெஷினு தன் எடத்துலதான் எறங்கணும். நடுவுல தரையத் தொட்டுச்சுன்னா அப்பாலிக்கா அது ஆளக் கேக்கும். எவன் வூட்டு புள்ளையக் குடுக்கறது?”

அவருடைய ஆட்கள் சங்கிலியைப் பிடித்தபடி தலையாட்டினார்கள். “கால் விழுந்துடும் பாய்” என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை நடக்கும்போது ‘விழும்’ என்ற சொல்லை அவர்கள் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும், என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்போது எனக்குத் தோன்றியது: இவருக்கும் வைக்கோல் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வில்சனுடைய வைக்கோல் இவருக்கு ஆகாது. இவருடையதையே வைக்க வேண்டும்.

“தரையில வேணாம் பாய். யாரு தரையில வெக்கச் சொன்னது? இப்ப உருவினீங்களே கட்டை, அதுமேல கொஞ்சம் உக்காரட்டும். மண்ணத் தொடாது. நீங்க ஒரு வாய் டீ குடிக்கற வரைக்கும்.”

பாய் என்னைப் பார்த்தார். வில்சனைப் பார்த்தார். வில்சன் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க எதுவும் மிச்சமில்லை.

“கட்டை வேற, தரை வேற” என்று பாய் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு சத்தமாக, “டேய், கட்டைய குடுங்கடா. மெதுவா. கைய உள்ள வுடாத, கோலால தள்ளு.”

கட்டைகள் மறுபடி உள்ளே போயின. சங்கிலி கண்ணி கண்ணியாக இறங்கியது. பிரஸ் பழையபடி கட்டைமேல் உட்கார்ந்ததும் சங்கிலி தளர்ந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

பாய் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூன்றாவது காலிடம் போனார். பலகை ஓரத்தில் ஓங்கிக் குத்தவில்லை, சும்மா ஊன்றினார். கடப்பாரை களிக்குள் போவதுபோல் போனது. கைப்பிடி அளவுதான் வெளியே நின்றது. ஒரு கயிறு நழுவினாலே ஆட்களின் பரம்பரை முழுவதையும் பெயர் சொல்லி அழைக்கிற மனிதர், அதை மெல்ல உருவித் துணியால் துடைத்தார். என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

“கொஞ்சம் ஈரம் கீதும்மா.”

அவ்வளவுதான். பராப்ஸ் தொரைக்கு ராயபுரத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அன்று நல்ல நேரம் போய்விட்டது. முதலாளி கற்பூரத் தட்டை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு மெட்ராஸ் கிளம்பினார். மண்ணைத் தோண்டிக் கருங்கல் பாவி, காலை மாற்றி நிறுத்தி, பிரஸ்ஸை உட்கார வைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. எல்லாம் முடிந்து கை கழுவும்போது வில்சன், “காலையில் அது கொஞ்சம் சங்கடமாகப் போயிருக்கலாம்” என்றார்.

அருள்தாஸ், “இன்னா டீச்சர் சொல்றாரு?” என்றார்.

“காலையில கொஞ்சம் சங்கடமா போயிருக்கலாமாம்.”

அதற்குள் அவருக்கும் அந்த ஆங்கிலம் பழகியிருந்தது. அங்கேயே கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “சங்கடம்னா, எம்மாம் சங்கடம்?” என்றார். பிறகு தன் முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சரியாகச் செய்த நாளில் எதுவும் நடந்திருக்காது. நடக்காததற்குச் சாட்சி கிடையாது. அந்தக் கால் விழுந்திருக்காது, சும்மா கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான் என்று சொல்கிறவர்கள் இன்றும் இந்த ஷாப்பில் இருக்கிறார்கள். இருக்கலாம். நான் தவறாகவும் இருக்கலாம். பாருங்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். “நீ பண்ணது தப்புன்னு சொல்லல. இருந்தாலும், முதலாளி முன்னாடி, கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடுச்சு. பர்மனென்ட் விஷயம்… பார்க்கலாம்மா.”

சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கியிருந்த காகிதங்கள். அம்மா அங்கே இருந்திருந்தால் அந்தத் தட்டலைப் பார்த்ததுமே எழுந்து வெளியே வந்திருப்பாள். நான் எழுந்திருக்கவில்லை.

“சார், இது நெஜப் பார்க்கலாமா, ஊருக்குப் போய் லெட்டர் போடற பார்க்கலாமா?”

மேனேஜருக்கு மூன்று பெண்கள். பெரியவளை அந்த வருஷம்தான் இரண்டு இடத்திலிருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கோபமா சிரிப்பா என்று அவர் முகமே தீர்மானிக்காமல் தவித்தது. கடைசியில் சிரிப்பு ஜெயித்தது.

“புடிச்சுட்டே” என்றார். “போ, கன்ஃபர்மேஷன் லெட்டர நீயே டைப் அடிச்சு எடுத்தா. தப்பில்லாம அடி.”

தப்பில்லாமல் அடித்தேன். தங்கை இப்போது காஞ்சிபுரத்தில் அதே கல்லூரியில் படிக்கிறாள். கணக்கு எடுத்திருக்கிறாள், அதில் ‘இருக்கலாம்’ எல்லாம் கிடையாதாம்.

உங்களுக்குக் கடைசியாக ஒன்று. வருகிறவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், ஆனால் அதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கேட்டவர் முகம் மாறியதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் நீங்கள் சொன்னது போய்ச் சேரவில்லை. வேறு விதமாகச் சொல்லுங்கள், அவர் வீட்டு வார்த்தையில் சொல்லுங்கள். அதுவும் ஆகாவிட்டால் கத்துங்கள். “பட்டன்” என்பது இந்த ஷாப்பில் எல்லாருக்கும் புரியும். கேன்டீன் அக்கா உங்கள் மூலமாக யாருக்காவது களி கொடுத்தனுப்பினால், தட்டு திரும்பி வரும்போது அதையும் பாருங்கள்.

இந்த மேஜையை நானாகத்தான் விட்டுக் கொடுத்தேன். இனிமேல் நம் இயந்திரங்களை நிறுவுகிற அணியில் எனக்கு வேலை. பெண் பிள்ளைக்கு அங்கே என்ன என்று கேட்டவர்களுக்கு, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பிரஸ் நாளைக் காலை ஏறுகிறது. முக்காலி நிறுத்தியாகிவிட்டது. மண் கெட்டியாகிவிட்டதா என்று கான்ட்ராக்டரைக் கேட்டேன். “ஆயிடுச்சும்மா, நீங்க கவலையே படாதீங்க” என்றார். அதனால் இதை எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூன்று கால்களையும் சுற்றி ஊன்றிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு காலடியில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. காசிம் பாய்க்கு ஆள் அனுப்பிவிட்டேன்.